உங்கள் தொகுதிக்கு உள்ள விதி எங்கள் தொகுதிக்கும் வேண்டும்: வட கரோலினாப் பொதுச்சபை உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். செனட்டில் 50 பேரும் கீழவையில் 120 பேருமாக ராலி நகரில் கூடும் உங்கள் 170 பேருக்கும், கட்சி பாராமல், இந்த மடலை எழுதுகிறேன். இதன் ஆங்கிலப் படி உங்கள் அலுவலகங்களுக்குத் தனியே வந்து சேரும். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம் உண்டு. கேரி, மோரிஸ்வில், சார்லட், கிரீன்ஸ்பரோ என்று இம்மாநிலமெங்கும் குடியேறி, குடியுரிமையும் பெற்று, தவறாமல் வாக்களிக்கும் தமிழ்க் குடும்பங்களில்கூட, தொகுதி எல்லை என்று வாயெடுத்தால் அது வக்கீல்கள் பாடு என்று பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அதிபர் தேர்தல் முடிவுக்கு விடிய விடிய விழித்திருக்கும் எங்கள் ஆட்கள், தங்கள் வாக்கின் எடையைத் தீர்மானிக்கும் கோடு எந்த அறையில், யார் கையால் போடப்படுகிறது என்பதை அறியாமலிருக்கிறார்கள். அவர்களும் உடன் படிக்கட்டும் என்பதற்காகவே இது தமிழில்.

2015-இல் நான் குடியுரிமைத் தேர்வுக்குப் போனேன். படித்துவைக்க வேண்டிய நூறு கேள்விகளில் இருபத்து மூன்றாவது, நாடாளுமன்றப் பிரதிநிதிகள் சபையில் உங்கள் பிரதிநிதியின் பெயர் என்ன என்பது. மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நாடு முழுவதும் ஒரே விடை; செனட்டர், ஆளுநர், மாநிலத் தலைநகர் பற்றிய சிலவற்றுக்கு மாநிலத்துக்கு ஒரு விடை. இந்த ஒன்றுக்கு மட்டும் அவரவர் வீட்டு முகவரியைப் பொறுத்த விடை. அதனாலேயே அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. மார்க் வாக்கர் என்று நான் சொன்னதும் அதிகாரி தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். அன்றிலிருந்து இன்றுவரை கிரீன்ஸ்பரோவுக்கும் ஹைபாயிண்டுக்கும் இடையில் அதே வீட்டில்தான் இருக்கிறேன். ஆனால் அந்தக் கேள்விக்கான விடை டெட் பட் என்று மாறியது; பிறகு கேத்தி மேனிங்; இப்போது அடிசன் மெக்டவல். நால்வரில் மூவர் குடியரசுக் கட்சியினர், ஒருவர் ஜனநாயகக் கட்சியினர். யார் சிறந்தவர் என்பதைப் பற்றி இங்கே நான் எதுவும் சொல்லப்போவதில்லை. இந்த மாற்றங்களில் ஒன்றுகூட, பதவியிலிருந்தவரை நாங்கள் வாக்களித்துத் தோற்கடித்ததால் வந்ததல்ல என்பதை மட்டும் கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நாடாளுமன்றத் தொகுதிகளையும் வரைவது மாநிலச் சட்டமன்றமாகிய நீங்கள்தாம்; மூன்று முறையும் மாறியது நீங்கள் போட்ட கோடு. எங்கள் மனம் எந்தப் பக்கம் இருந்தது என்பதைக் கேட்க வேண்டிய தேவையே வரவில்லை.

கடைசி மாற்றத்தைச் சற்று விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் அதன் நடைமுறை பலருக்குத் தெரியாது. 2023-இல் நீங்கள் வரைந்த தொகுதிப் படம், நாங்கள் வாழும் கில்ஃபர்ட் கவுண்டியை, அதாவது எங்கள் மாவட்டத்தை, 5, 6, 9 என்று மூன்று தொகுதிகளுக்குப் பங்கிட்டது. 2020 கணக்கெடுப்பின்படி இந்தக் கவுண்டியின் மக்கள்தொகை 5,41,299. மாநிலத்தின் ஒரு கோடியே நான்கு இலட்சம் பேரை 14 தொகுதிகளுக்குப் பிரித்தால் ஒரு தொகுதிக்கு ஏறத்தாழ 7,45,670 பேர் வருகிறார்கள். அதாவது, எங்கள் கவுண்டி முழுவதும் ஒரே தொகுதிக்குள் அடங்கும். இன்னும் இரண்டு இலட்சம் பேருக்கு இடமும் மிஞ்சும். மெக்லன்பர்க், வேக் கவுண்டிகளில் பதினோரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்வதால் அவற்றை உடைத்தே ஆகவேண்டும். எங்களை உடைக்க வேண்டிய கட்டாயம் எந்தக் கணக்கிலும் இல்லை. படம் வந்த பிறகு மேனிங் மீண்டும் போட்டியிடவில்லை. 2024 நவம்பரில் 6ஆம் தொகுதிக்கு ஜனநாயகக் கட்சி வேட்பாளரையே நிறுத்தவில்லை. எனவே உண்மையான தேர்தல் மார்ச் மாதத்தில், குடியரசுக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தலிலேயே முடிந்துவிட்டது. அதில் ஆறு பேர் நின்றார்கள். எவரும் முப்பது விழுக்காட்டைத் தாண்டவில்லை. இரண்டாவதாக வந்தவர், வேறு யாருமல்ல, 2015-இல் என் விடையாக இருந்த அதே மார்க் வாக்கர்தான், மறுசுற்றிலிருந்து விலகிக்கொண்டார். முக்கால் மில்லியன் மக்களின் பிரதிநிதி அத்துடன் முடிவாகிவிட்டார். நவம்பரில் நான் வரிசையில் நின்று போட்ட வாக்கு, நடந்து முடிந்த கல்யாணத்துக்கு வைத்த மொய்.

இது ஒரு கட்சி செய்த பாவம் என்று சொல்லி முடிப்பது எளிது. ஆனால் இந்த மாநிலத்தின் வரலாறு அப்படிச் சொல்ல விடாது. இந்தக் கலைக்குப் பெயர் வந்ததே 1812-இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெரி ஒப்பமிட்ட ஒரு படத்தால். பார்வைக்குப் பல்லி போலிருக்கும் சாலமாண்டர் என்ற பிராணியைப் போல வளைந்து கிடந்த ஒரு தொகுதியைப் பாஸ்டன் பத்திரிகை ஒன்று கேலிச்சித்திரமாகப் போட, ஜெரியும் சாலமாண்டரும் சேர்ந்து ஜெரிமாண்டர் ஆனது. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் முடிவில் அந்தப் பிராணியை நாட்டிலேயே அதிகம் வளர்த்த பெருமை நம் மாநிலத்துக்கு உரியது, அப்போது இங்கே கோலோச்சியது ஜனநாயகக் கட்சி. 1990-களின் தொடக்கத்தில் வரையப்பட்ட 12ஆம் தொகுதி, 85ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொண்டு ஏறத்தாழ 160 மைல் நீளத்துக்கு ஓடியது. சில இடங்களில் அதன் அகலம் சாலையின் அகலத்தைத் தாண்டவில்லை. காரின் இரு கதவுகளையும் திறந்துவைத்து அந்தச் சாலையில் ஓட்டினால் தொகுதி மக்களில் பாதிக்கு மேல் அடிபட்டுவிடுவார்கள் என்று உங்கள் அவையிலேயே ஓர் உறுப்பினர் சொன்ன வேடிக்கை, 1993-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இடம்பெற்றது.

இங்கே ஒரு சிக்கலையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். அந்தக் கோணல் தொகுதி வெறும் கட்சி இலாபத்துக்காக மட்டும் வந்ததல்ல. கறுப்பின மக்கள் ஐந்தில் ஒருவராக வாழும் இம்மாநிலத்திலிருந்து, ஜார்ஜ் ஹென்றி வைட் 1901-இல் நாடாளுமன்றத்தை விட்டு வெளியேறிய பிறகு, தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு கறுப்பினத்தவர்கூட அங்கே அனுப்பப்படவில்லை. 1965-ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டத்தைக் காட்டி, கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக உள்ள இரண்டாவது தொகுதி ஒன்று வேண்டும் என்று கேட்டது, குடியரசுக் கட்சி அதிபர் ஒருவரின் கீழ் இயங்கிய கூட்டாட்சி நீதித்துறை அமைச்சகம். அந்தக் கோரிக்கையை ஜனநாயகக் கட்சியினர் தங்கள் பழைய உறுப்பினர்களின் இடங்களுக்குச் சேதமில்லாமல் நிறைவேற்ற முயன்றபோதுதான் படம் அவ்வளவு கோணலானது. 1992-இல் ஈவா கிளேட்டனும் மெல் வாட்டும் வென்றார்கள். படத்தின் கோணலைப் பார்த்துச் சிரித்தவர்கள், அந்த 91 ஆண்டுக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மறுபக்கம், 2023-ஆம் ஆண்டின் படம் பார்வைக்கு எவ்வளவோ நேர்த்தியானது; பல்லியும் இல்லை, பாம்பும் இல்லை; அதன் நேரான ஓரங்கள்தாம் எங்கள் கவுண்டியை மூன்றாக அறுத்திருக்கின்றன. உருவத்தைப் பார்த்து நியாயம் சொல்ல முடியாது என்பதை நான் கற்றுக்கொள்ளச் சில ஆண்டுகள் பிடித்தன.

உருவம் பொய் சொல்லலாம். தெரு பொய் சொல்லாது. 1891-இல் தொடங்கிய வட கரோலினா ஏ அண்ட் டி பல்கலைக்கழகம் கிரீன்ஸ்பரோவில் இருக்கிறது. கறுப்பினத்தவர்க்கென வரலாற்றில் நிறுவப்பட்ட பல்கலைக்கழகங்களுள் நாட்டிலேயே பெரியது அது. 1960 பிப்ரவரி 1-ஆம் நாள், வெள்ளையர்க்கு மட்டுமே பரிமாறிய வுல்வொர்த் கடையின் உணவு மேடையில் உட்கார்ந்து எழ மறுத்த நான்கு இளைஞர்கள் அதன் மாணவர்கள். 2016-ஆம் ஆண்டுப் படத்தில் 6ஆம் தொகுதிக்கும் 13ஆம் தொகுதிக்கும் இடையிலான கோடு அந்த வளாகத்தின் நடுவே, லாரல் தெரு வழியாகப் போயிற்று. அந்தத் தெருவை ஒருமுறை நடந்து பார்த்திருக்கிறேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, காதில் பாட்டுடன், இந்தப் பக்க விடுதியிலிருந்து அந்தப் பக்க வகுப்புக்கு நான்கு எட்டில் கடந்துபோகிறார்கள். அந்த நான்கு எட்டில் அவர்களுடைய பிரதிநிதி மாறிவிடுவார். ஒரே வளாகத்தில், ஒரே உணவுக்கூடத்தில் சாப்பிடும் மாணவர்கள் சேர்ந்து ஒருவரிடம் ஒரு குறையைச் சொல்லிக்கொள்ள முடியாதபடி இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். 2019-இல் நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகுதான் அந்தக் கோடு அகன்றது.

அந்த 2016 படத்தை வரைந்தபோது, பொறுப்பிலிருந்த குடியரசுக் கட்சி உறுப்பினர் குழுக் கூட்டத்தில் வெளிப்படையாகவே பேசினார்: பத்து இடங்கள் தம் கட்சிக்கும் மூன்று இடங்கள் மற்ற கட்சிக்கும் வரும்படி வரையலாம்; பதினொன்றுக்கு இரண்டு என்று வரைய முடியாது என்று தாம் நினைப்பதே அதற்குக் காரணம் என்றார். அவருடைய ஒளிவுமறைவின்மையை நான் பாராட்டவே செய்வேன். மேரிலாந்தில் ஜனநாயகக் கட்சி ஆளுநராயிருந்தவரும், அங்கே 6ஆம் தொகுதியைத் தம் கட்சிக்குத் திருப்புவதே நோக்கமாக இருந்தது என்று சத்தியப்பிரமாண வாக்குமூலத்தில் ஒப்புக்கொண்டார். இரண்டு வழக்குகளையும் ஒருசேர விசாரித்த உச்ச நீதிமன்றம், 2019 ஜூனில், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், கட்சி நோக்கில் கோடு போடுவதைத் தடுக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களிடம் அளவுகோல் இல்லை என்று கைவிரித்தது. அநீதி என்று சொல்லத்தக்க முடிவுகள் இதனால் வருகின்றன என்பதைத் தீர்ப்பு மறுக்கவில்லை. மாநிலங்கள் தம் அரசியல் சட்டங்களின் வழியாகத் தீர்த்துக்கொள்ளலாம் என்று வழிகாட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

நம் மாநில உச்ச நீதிமன்றம் அந்த வழியில் சற்றுதூரம் நடந்தும் பார்த்தது. 2022 பிப்ரவரியில் அது கட்சி நோக்கிலான படங்களைத் தள்ளுபடி செய்தது. நீதிமன்றம் ஏற்பாடு செய்த படத்தில் நடந்த தேர்தலில் கட்சிகள் ஏழுக்கு ஏழு என்று வந்தன. அதே தேர்தலில் நீதிபதிகளின் கட்சிப் பெரும்பான்மையும் மாறியது. இங்கே நீதிபதிகளும் கட்சிச் சின்னத்தில் நிற்கிறார்களல்லவா. 2023 ஏப்ரலில் புதிய பெரும்பான்மை பழைய தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. ஒன்றரை ஆண்டுக்குள் ஒரே சட்ட வாசகத்துக்கு இரண்டு நேரெதிர்ப் பொருள்கள். நீதிமன்றத்தை நம்பி இதில் இறங்க முடியாது என்ற முடிவுக்கு நான் அன்றுதான் வந்தேன்; அதனாலேயே இந்த மடல் நீதிபதிகளுக்கு அல்லாமல் உங்களுக்கு வருகிறது.

2023 படத்தின்படி 2024-இல் பத்துக்கு நான்கு என்று ஆனது. அதே நாளில், அதே வாக்காளர்கள், அதிபர் தேர்தலில் டிரம்புக்கு ஏறத்தாழ மூன்று புள்ளி முன்னிலை கொடுத்தார்கள். ஆளுநர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் ஜாஷ் ஸ்டைனைப் பெரும் வித்தியாசத்தில் வெல்லவைத்தார்கள். இப்படி ஆளைப் பார்த்து வாக்கைப் பிரித்துப் போடும் மக்களிடம் பத்துக்கு நான்கு என்ற விடை வருவது இயல்பல்ல. அந்தத் தேர்தலில் நாட்டளவில் பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சி 220, ஜனநாயகக் கட்சி 215. இங்கே இடம் மாறிய மூன்றும் மாறாதிருந்தால் 217-க்கு 218. ஒரு மாநிலத்தில் போட்ட கோடு நாட்டின் சபைத் தலைவர் யார் என்பதைத் தீர்மானிக்க முடியும் என்பதற்கு இதைவிட நேரான கணக்கு எனக்குத் தெரியவில்லை. ஆனால் கணக்கை இங்கேயே நிறுத்தினால் அது பாதி உண்மை. இலினாய் மாநிலத்தில் டிரம்புக்கு நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் வாக்கு விழுந்தும், அங்குள்ள 17 இடங்களில் குடியரசுக் கட்சிக்குக் கிடைத்தவை மூன்றே. அந்தப் படத்தை வரைந்தவர்கள் ஜனநாயகக் கட்சியினர். பெரும்பான்மைக் கட்சி உறுப்பினர்களாகிய நீங்கள் அதைச் சுட்டிக்காட்டும்போதெல்லாம் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

பிறகு 2025 வந்தது. பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு முடிந்ததும் கோடு போடுவது என்ற வழக்கம், எந்த நீதிமன்றமும் சொல்லாமல், எந்தக் கணக்கெடுப்பும் நடக்காமல், அதிபர் கேட்டுக்கொண்டார் என்பதற்காகக் காற்றில் போனது. டெக்சஸ் தன் 38 இடங்களில் இன்னும் ஐந்தைக் குடியரசுக் கட்சிக்குத் திருப்பும் படத்தை எடுத்தது. நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட ஜூலை வெள்ளத்தின் நிவாரணத்துக்காகவும் கூட்டப்பட்ட சிறப்புக் கூட்டத்தொடர் அது. அவையில் போதிய எண்ணிக்கை சேராதிருக்க ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் மாநிலத்தை விட்டு வெளியேறினார்கள். போய்த் தஞ்சமடைந்த இடம் இலினாய். கொள்ளியை எடுத்துத் தலையைச் சொறிந்த கதை என்று எதிர்த்தரப்பு சிரித்ததில் வியப்பில்லை. அதற்குப் பதிலாகக் கலிஃபோர்னியா, 2008-இலும் 2010-இலும் தன் மக்களே வாக்களித்து ஏற்படுத்திய குடிமக்கள் ஆணையத்தின் படத்தை ஒதுக்கிவைத்து, ஐந்து இடங்களை மறுபக்கம் திருப்பும் படத்தை நவம்பர் 4-ஆம் நாள் வாக்கெடுப்பில் ஏற்றுக்கொண்டது. ஐந்துக்கு ஐந்து: இரு கட்சிகளின் கணக்கிலும் மிச்சம் பூச்சியம். டெக்சஸில் ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிப்பவரும், கலிஃபோர்னியாவில் குடியரசுக் கட்சிக்கு வாக்களிப்பவரும் மட்டும் தங்கள் கணக்கில் நட்டத்தை எழுதிக்கொண்டார்கள்.

இடையில் நீங்களும் சேர்ந்துகொண்டீர்கள். கலிஃபோர்னியாவைக் காட்டி, வடகிழக்கிலுள்ள 1ஆம் தொகுதியைத் திருப்பும் படத்தை அக்டோபரில் வெளியிட்டு, ஒரு வாரத்துக்குள் இரு அவைகளிலும் நிறைவேற்றினீர்கள். 1992 முதல் தொடர்ந்து கறுப்பினப் பிரதிநிதிகளை அனுப்பிவந்த தொகுதி அது. மாநில அரசியல் சட்டப்படி தொகுதிப் படங்களை ஆளுநர் மறுதலிக்க முடியாது. எனவே அவையில் முடிந்ததும் எல்லாம் முடிந்தது. ஜூலை 1-ஆம் தேதிக்குள் வந்திருக்க வேண்டிய வரவுசெலவுத் திட்டம் அப்போதும் வந்திருக்கவில்லை. ஆசிரியர் சம்பளத்துக்கு ஆண்டு முழுவதும் கிடைக்காத இணக்கம் ஒரு கோட்டுக்கு ஒரே வாரத்தில் கிடைத்ததைப் பார்த்தபோது, உங்களால் விரைந்து வேலை செய்ய முடியும் என்பதாவது எனக்குத் தெரிந்தது.

இதே காலத்தில் நடந்த இன்னொன்றையும் நினைவூட்டுகிறேன். இண்டியானா செனட்டின் 50 இடங்களில் 40 குடியரசுக் கட்சியினுடையவை. வெள்ளை மாளிகையின் நெருக்குதலும் மிரட்டல்களும் வந்த பிறகும், 2025 டிசம்பர் 11-ஆம் நாள், அவர்களில் 21 பேர் தம் கட்சிக்கு இரண்டு இடங்கள் தரக்கூடிய படத்தை எதிர்த்து வாக்களித்தார்கள். 31-க்கு 19 என்று அது தோற்றது. மேரிலாந்தில் ஜனநாயகக் கட்சியின் செனட் தலைவர் பில் ஃபெர்குசன், தம் கட்சிக்கு ஓரிடம் கூடும் என்று தெரிந்தும், இடைக்காலத்தில் படத்தைத் தொடமாட்டேன் என்று 2025 இலையுதிர் காலத்தில் தம் சகாக்களுக்குக் கடிதமே எழுதினார். இவர்கள் அரசியலைத் துறந்த முனிவர்கள் அல்லர். தங்கள் ஊர் வாக்காளர்களைச் சந்திக்க வேண்டிய சாதாரண அரசியல்வாதிகள்.

பெரும்பான்மைக் கட்சியினர் சொல்லும் நியாயங்களை நான் கேட்டிருக்கிறேன். ஜனநாயகக் கட்சியின் வாக்காளர்கள் சார்லட், ராலி, டர்ஹம், கிரீன்ஸ்பரோ ஆகிய நகரங்களில் நெருக்கமாக வாழ்கிறார்கள். யார் வரைந்தாலும் அவர்களுடைய வாக்கு குவிந்துதான் கிடக்கும் என்பது ஒன்று. உண்மைதான். ஆனால் டியூக் பல்கலைக்கழகக் கணித அறிஞர் ஜானத்தன் மாட்டிங்லி, அந்த நெருக்கத்தையும் கணக்கில் கொண்டு, கட்சி பாராத 24,000-க்கும் மேற்பட்ட படங்களைக் கணினியில் உருவாக்கி நீதிமன்றத்தில் வைத்தார்; பத்துக்கு மூன்று என்ற முடிவு நூற்றில் ஒன்றுக்கும் குறைவான படங்களில்தான் வந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே வரைய வேண்டும், யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத ஆணையம் வரையக்கூடாது என்பது மற்றொன்று. இதில் எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. ஆணையங்களின் பெயரில் நடந்த இழுபறிகளையும் பார்த்திருக்கிறோம், கலிஃபோர்னியாவின் ஆணையம் ஒரே வாக்கெடுப்பில் ஓரங்கட்டப்பட்டதையும் பார்த்துவிட்டோம். அயோவாவில் கட்சிசாராச் சட்டமன்ற ஊழியர்கள், யார் எந்தக் கட்சி, எந்த உறுப்பினர் வீடு எங்கே என்று பார்க்காமல், 99 கவுண்டிகளில் ஒன்றையும் உடைக்காமல் படம் வரைந்து சட்டமன்றத்தின் முன் வைக்கிறார்கள். அங்கே நான்கு இடங்களும் இன்று குடியரசுக் கட்சி வசமே இருக்கின்றன. நேர்மையாக வரைந்தால் உங்கள் கட்சி அழிந்துவிடும் என்ற அச்சத்துக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை.

நான் இந்த நாட்டுக்கு வருமுன் திருப்பூரில் ஆடை வேலை பார்த்தவன். அங்கே கட்டிங் மாஸ்டர் என்பவர் மேசையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மார்க்கர் காகிதத்தை மேலே போட்டு, கை எங்கே, கழுத்து எங்கே, உடல் எங்கே என்று பார்த்து வெட்டுவார். துணியின் விலையில் பெரும்பகுதி அவர் கையில் இருக்கிறது. ஆனால் வெட்டி மிஞ்சும் துண்டுத்துணியில் அவருக்குப் பங்கு கிடையாது. அது கிலோ கணக்கில் முதலாளியின் பெயரில் விற்பனையாகும். பங்கு கொடுத்தால் என்ன ஆகும் என்று ஒருமுறை கேட்டேன். சட்டை சின்னதாகிவிடும் தம்பி என்றார். அவர் நல்லவரா கெட்டவரா என்ற பேச்சே அந்தப் பதிலில் இல்லை.

நான் பிறந்த நாட்டில், வழக்கமாக, ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதியின் தலைமையிலான ஆணையம் தொகுதிகளை வரைகிறது. மக்கள் பிரதிநிதிகள் உடன் உட்காரலாம், ஆலோசனை சொல்லலாம், வாக்களிக்க முடியாது. அங்கும் ஜம்மு காஷ்மீரில் 2022-இலும் அசாமில் 2023-இலும் வந்த வரைவுகளைப் பற்றிப் பெருத்த சண்டை நடந்தது. எனவே இந்தியாவைப் பாருங்கள் என்று உங்களுக்குப் பாடம் நடத்த நான் வரவில்லை.

நான் கேட்பது அதைவிடச் சிறியது. உங்களிடம் ஏற்கெனவே இருப்பது. மாநில அரசியல் சட்டத்தின் இரண்டாம் பிரிவு, உங்கள் சொந்தத் தொகுதிகளுக்கு இரண்டு பாதுகாப்புகளைத் தருகிறது. ஒன்று, கணக்கெடுப்புக்குப் பின் ஒருமுறை வரைந்த மாநிலச் செனட், கீழவைத் தொகுதிகளை அடுத்த கணக்கெடுப்புவரை மாற்றக்கூடாது. மற்றொன்று, அத்தொகுதிகளை வரையும்போது கவுண்டிகளை உடைக்கக்கூடாது. இந்த இரண்டாவது விதி ஏட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. ஜனநாயகக் கட்சி வரைந்த படத்தை எதிர்த்துக் குடியரசுக் கட்சியினர் தொடுத்த வழக்கில், 2002-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதற்கு உயிர் கொடுத்தது. தவிர்க்க முடியாத இடத்தில் மட்டுமே கவுண்டியை உடைக்கலாம் என்பது அன்று உங்கள் கட்சி போராடிப் பெற்ற நியாயம். வழக்குகளின் வழியாக இவ்விதிகளிலும் அவ்வப்போது ஓட்டை விழுந்ததுண்டு. ஆனால் விதி இருக்கிறது. நாடாளுமன்றத் தொகுதிகளுக்கு இரண்டும் இல்லை. உங்கள் இருக்கையின் எல்லை பத்தாண்டுக்கு அசையாது, எங்கள் பிரதிநிதியின் எல்லை மட்டும் எந்த அக்டோபரிலும் அசையலாம் என்பதற்கு நான் இதுவரை ஒரு காரணமும் கேட்டதில்லை.

ஆகவே, அவ்விரண்டு விதிகளையும் நாடாளுமன்றத் தொகுதிகளுக்கும் நீட்டிக்கும் அரசியல் சட்டத் திருத்தம் ஒன்றை மக்கள் வாக்கெடுப்புக்கு அனுப்புங்கள். 2030 கணக்கெடுப்புக்குப் பிறகு வரையப்படும் படத்திலிருந்து அது நடைமுறைக்கு வரட்டும். எதிரி ஆயுதம் வைத்திருக்கும்போது நாங்கள் மட்டும் கீழே வைப்பதா என்ற கேள்விக்கு அதுவே விடை. 2031-இல் ராலியில் யார் பெரும்பான்மையாக இருப்பார்கள் என்பது இன்று உங்களில் எவருக்கும் தெரியாது. விதி வகுக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. மிச்சிகனிலும் கலிஃபோர்னியாவிலும் மக்களே கையெழுத்துத் திரட்டி இப்படியொரு கேள்வியை வாக்குச்சீட்டில் ஏற்ற முடிந்தது. வட கரோலினாவில் அந்த உரிமை எங்களுக்கு இல்லை. நீங்கள் அனுப்பினால்தான் அது எங்களிடம் வரும். அதற்கு ஒவ்வோர் அவையிலும் ஐந்தில் மூன்று பங்கு வேண்டும்: செனட்டில் 30, கீழவையில் 72. 2024 தேர்தலில் குடியரசுக் கட்சி பெற்றவை 30-ம் 71-ம். அதாவது, மறுபக்கத்திலிருந்து ஒரே ஓர் உறுப்பினரேனும் கை தூக்காமல் இது நடக்காது. ஆட்சியில் இல்லாதபோதெல்லாம் இரு கட்சியினரும் மாறி மாறிச் சீர்திருத்த மசோதா கொண்டுவந்து, ஆட்சிக்கு வந்ததும் அதை மறந்த வரலாறு இந்த அவைக்கு உண்டு என்பதால், அந்த எண்ணிக்கை நல்லதற்கே என்று நினைக்கிறேன்.

இம்மாநிலத்தின் பதிவேட்டில், எந்தக் கட்சியிலும் சேராதவர்கள் என்று பதிந்தவர்களே 2022 முதல் மிகப் பெரிய கூட்டம். நானும் அவர்களில் ஒருவன். ஆனால் 2024-இல் வென்று வந்த உங்கள் 170 பேரும் இரண்டு கட்சிகளுக்குள் அடக்கம். கோட்டை எந்தக் கட்சிக்குச் சாதகமாகப் போடுவது என்பதே உங்கள் விவாதமாக இருக்கும்வரை, மிகப் பெரிய கூட்டத்துக்கு அந்த மேசையில் நாற்காலி இல்லை. முதல்நிலைத் தேர்தலில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்து வாக்களிக்கும் உரிமை எங்களுக்கு இருக்கிறது என்பது உண்மை. ஆனால் தொகுதி ஒருபக்கமாகச் சாய்த்து வரையப்பட்ட பிறகு, அந்த உரிமை எந்தக் கதவு வழியாக உள்ளே போகலாம் என்று காட்டுவதோடு சரி.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 2023-இல் எலிசபெத் சிட்டி, ஹிக்கரி, ராலி ஆகிய மூன்று ஊர்களில் மக்கள் கருத்துக் கூட்டம் நடத்தினீர்கள். அப்போது படம் வெளிவரவில்லை, காணாத பெண்ணுக்கு நாங்கள் பொருத்தம் சொன்னோம். அதே ஆண்டு வரவுசெலவுச் சட்டத்தின் உள்ளே, தொகுதி வரையும்போது நீங்கள் எழுதிக்கொள்ளும் தாள்களை மக்கள் பார்வைக்குத் தர வேண்டியதில்லை என்றும் சேர்த்துக்கொண்டீர்கள். அடுத்த முறை படத்தை முதலில் காட்டிவிட்டுக் கூட்டத்தைக் கூட்டுங்கள். மூன்றாக உடைக்கப்பட்ட கவுண்டியில் ஒரு கூட்டமாவது நடத்துங்கள். கிரீன்ஸ்பரோவில் நடத்துவதானால் ஏ அண்ட் டி வளாகத்திலேயே நடத்தலாம், லாரல் தெருவின் எந்தப் பக்கத்தில் வைத்தாலும் நான் வந்து உட்காருகிறேன்.

இப்படிக்கு,
கில்ஃபர்ட் கவுண்டி வாக்காளர் ஒருவர்